செக்ரோலில் பேர் இருக்கா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேலையைப் பற்றியே இருந்தன. அதனால் பட்டா, பத்திரம், பென்ஷன் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள். சரி, யாருக்குமே போடவில்லை, ஊர் மட்டும் இருக்கட்டும்.

கல்லூரி மாணவி, ஊட்டி: அக்கா, எங்களுக்குப் பாடத்தில் மனித மேம்பாட்டுக் குறியீடு, கண்ணியமான வேலை, நிலைத்த வளர்ச்சி இலக்குகள் என்று ஒரு முழு யூனிட் இருக்கிறது. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிவிட்டேன். என் அம்மா கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். அவருக்கும் இந்தப் பாடத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

உண்டும்மா. உன் அம்மாவை வைத்துத்தான் அந்தப் பாடத்தையே நடத்த வேண்டும்.

ஒரு நாடு முன்னேறியதா இல்லையா என்று பார்க்க ரொம்ப காலம் வருமானத்தை மட்டும்தான் பார்த்தார்கள். 1990ல் பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக், நம் அமர்த்தியா சென் அவர்களையும் கூடச் சேர்த்துக்கொண்டு, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்துக்காக முதல் மனித மேம்பாட்டு அறிக்கையைக் கொண்டுவந்தார். ஒருவர் எத்தனை வயது வரை வாழ்கிறார், எத்தனை வருஷம் படிக்கிறார், கையில் எவ்வளவு வருகிறது என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற கணக்குதான் அதில் வந்த மனித மேம்பாட்டுக் குறியீடு. உன் அம்மாவுக்கு வயது ஐம்பது ஆகும் முன்பே முழங்கால் தேய்ந்திருந்தால், அது இந்தக் கணக்கில் வர வேண்டிய விஷயம். நீ கல்லூரி வரை வந்துவிட்டாய் என்றால், அதுவும் வர வேண்டிய விஷயம்.

கண்ணியமான வேலை என்பது இன்னொரு இடத்திலிருந்து வந்தது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919ல், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பை உண்டாக்கினார்கள். எண்பது வருஷம் கழித்து, 1999ல், அதன் தலைவராக இருந்த சிலி நாட்டுக்காரர் ஹுவான் சோமாவியா இந்தச் சொல்லை முன்வைத்தார். வேலை இருக்க வேண்டும், அதில் உரிமை இருக்க வேண்டும், நோய் நொடி முதுமை என்று வந்தால் தாங்கிப் பிடிக்க ஏதாவது இருக்க வேண்டும், முதலாளியும் தொழிலாளியும் உட்கார்ந்து பேச இடம் இருக்க வேண்டும். இந்த நான்கும்தான். 2015ல் ஐ.நா. சபை 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளை வைத்தபோது எட்டாவதில் இதைச் சேர்த்தார்கள். 2030க்குள் முடிக்க வேண்டும்.

இந்த நான்கில் கடைசியைத்தான் பாடப்புத்தகம் சரியாகச் சொல்வதில்லை என்று எனக்குத் தோன்றும். சாயங்காலம் எடை போடும் இடத்தில் நீயும் நின்றிருப்பாய். கொக்கியில் சாக்கு ஏறும், முள் ஆடி நிற்பதற்குள் எண்ணைச் சொல்லிவிடுவார்கள், மழை நாள் என்றால் ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். நான் வளர்ந்ததும் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எஸ்டேட் லைன் வீட்டில்தான். எங்கள் அம்மா முள் நிற்கும் வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டார், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் சரி. வீட்டில் முருகன் படம் போட்ட காலண்டர் ஒன்று இருந்தது. முழுநாள் வேலைக்கு ஒரு கோடு, அரைநாளுக்குப் பாதிக் கோடு, பக்கத்தில் கிலோ. சம்பளத்தன்று அந்தக் காலண்டரைச் சுருட்டி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போய் செக்ரோல் என்கிற எஸ்டேட்டின் கூலிப் பதிவேட்டுக் கணக்கோடு ஒப்பிடுவார். இரண்டு தடவை அவருக்கு ஒரு நாள் கூலி திரும்பக் கிடைத்தது, இரண்டு தடவைதான், மற்ற தடவைகளில் "உன் காலண்டரை யார் பார்த்தா" என்றுதான் பதில் வந்தது. எழுத்து தெரியாத ஒரு பெண் தன் உழைப்புக்குத் தானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டு எதிரில் போய் நின்று கேட்டார். நீ படிக்கிற அந்த நான்காவது விஷயம் இதுதான். பரீட்சையில் எழுதினால் மார்க் போடுவார்களா தெரியாது, ஆனால் எழுது.

ஓய்வுபெற்ற தபால்காரர், குன்னூர்: டிவியைத் திறந்தால் உலகம் கெட்டுப் போய்விட்டது என்கிறார்கள். என் பேரனோ உலகம் முன்னேறிக்கொண்டே இருக்கிறது என்று போனில் காட்டுகிறான். எது உண்மைங்க?

ஐயா, பேரன் பக்கமும் உண்மை இருக்கிறது. 1990ல் உலகில் மூன்றில் ஒருவருக்கும் மேலானவர்கள் மிகக் கொடிய வறுமையில் இருந்தார்கள். கொரோனாவுக்கு முன்பு அது பத்தில் ஒருவர் என்ற அளவுக்கு வந்துவிட்டது. 2000ல் 24 கோடியே 60 லட்சம் குழந்தைகள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், 2024 கணக்கில் 13 கோடியே 80 லட்சம். இடையில் மக்கள்தொகை எவ்வளவு கூடியது என்று பார்த்தால் இது சின்ன விஷயம் இல்லை. குழந்தைத் தொழிலின் மிக மோசமான வடிவங்களுக்கு எதிரான ஒப்பந்தத்தில் 2020ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 187 உறுப்பு நாடுகளும் கையெழுத்துப் போட்டு முடித்தன. இந்தியா 2017ல் போட்டது.

ஆனால் 2025க்குள் குழந்தைத் தொழிலே இருக்காது என்பதுதான் இலக்காக இருந்தது. 13 கோடியே 80 லட்சம் என்பது இல்லாமல் போனதாக ஆகுமா? 2020, 2021 இரண்டு வருஷமும் உலகத்தின் மனித மேம்பாட்டுக் குறியீடு தொடர்ந்து கீழே இறங்கியது, அறிக்கை தொடங்கிய நாளிலிருந்து அப்படி நடந்ததே இல்லை. அப்புறம் மெதுவாக ஏறியது. 2025ல் வந்த அறிக்கையில் இந்தியா 193 நாடுகளில் 130வது இடம், இலங்கை 89வது. நம் மலையில் பாதிக் குடும்பங்களுக்கு இலங்கையோடு ஒட்டும் உறவும் உண்டு என்பதால் அந்த எண்ணைப் பார்த்ததும் மனசு ஒரு நிமிஷம் நின்றது.

எனக்கு இதில் ஒரு சொந்தச் சங்கடம் இருக்கிறது. பள்ளி இல்லாத சனிக்கிழமைகளில் நானும் என் தம்பியும் அம்மாவோடு தேயிலைக் காட்டுக்குப் போய்ப் பறித்துப் போடுவோம், எல்லாம் அம்மா சாக்குக்குள்தான் போகும். செக்ரோலில் ஒரே ஒரு பேர். அந்தக் காலத்தில் யாராவது எங்கள் எஸ்டேட்டுக்கு வந்து குழந்தைத் தொழிலாளர் எத்தனை பேர் என்று எண்ணியிருந்தால் பூஜ்யம் என்றுதான் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். அதனால் எண்கள் குறைந்தால் சந்தோஷப்படுகிறேன், கூடவே யாருடைய சாக்குக்குள் யாருடைய கொழுந்து கிடக்கிறது என்றும் கேட்கிறேன்.

கேரட் அறுவடைக்குப் போகிறவர், கேத்தி: அக்கா, நாங்கள் பதினான்கு பேர் ராத்திரி ஒரு மணிக்குப் பிக்கப் வண்டியில் ஏறுகிறோம். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கேரட் பிடுங்கி, விடிவதற்குள் மூட்டை ஏற்றி விடுகிறோம். போன மாதம் பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு விரிந்துவிட்டது. தோட்டக்காரர் ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். ஆறு வாரம் வேலை இல்லை. யாரிடம் கேட்பது?

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இடது கையால் எழுதினீர்களோ என்னவோ, எழுத்து எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காலையில் சரக்குப் போய்ச் சேர வேண்டும், அதனால்தான் ராத்திரி அறுவடை. கோயம்புத்தூரில் காலை பத்து மணிக்குப் பளபளவென்று கேரட் வாங்குகிறவருக்கு, அது உறைபனியில் கை விறைத்துப் பிடுங்கியது என்று தெரிய வழியில்லை. உங்கள் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை, அதுதான் மூலக் கோளாறு. எஸ்டேட்டிலாவது ஒரு செக்ரோல் இருக்கிறது, சண்டை போட ஒரு தாள் இருக்கிறது. நீங்கள் நாளைக்கு ஒருவர், நாளை மறுநாள் இன்னொருவர் தோட்டம் என்று போகிறீர்கள், வண்டிக்காரர் போன் பண்ணினால் வேலை, இல்லையென்றால் இல்லை. இந்த மாதிரி இருப்பவர்கள் உலகத்தில் ஏறக்குறைய 200 கோடிப் பேர், வேலை செய்கிறவர்களில் பத்துக்கு ஆறு பேர். நீங்கள் தனி ஆள் இல்லை என்று ஆறுதல் சொல்ல இதைச் சொல்லவில்லை. உலகத்தின் பெரும்பாலான வேலையே இப்படித்தான் நடக்கிறது, அதனால் விதியை உங்களைப் போன்றவர்களை வைத்துத்தான் எழுதியிருக்க வேண்டும்.

2022 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒரு முக்கியமான முடிவு எடுத்தது. சங்கம் வைக்கும் உரிமை, கொத்தடிமை ஒழிப்பு, குழந்தைத் தொழில் ஒழிப்பு, பாகுபாடு கூடாது என்ற நான்கு அடிப்படை உரிமைகளோடு, பாதுகாப்பான வேலையிடம் என்பதை ஐந்தாவதாகச் சேர்த்தார்கள். வேலையால் வரும் விபத்து, நோய் இரண்டாலும் வருஷத்துக்கு முப்பது லட்சத்துக்குக் கிட்டத்தட்ட ஆட்கள் சாகிறார்கள் என்பது அவர்களின் மதிப்பீடு. வேலையிடம் என்றால் வயல் மட்டும் இல்லை, மூட்டைக்கு மேல் உட்கார வைத்துக் கொண்டை ஊசி வளைவில் ஓட்டுகிற அந்தப் பிக்கப் வண்டியும் சேர்ந்துதான் என்று நான் சொல்வேன்.

இப்போது செய்ய வேண்டியது. உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். 2011ல் வந்த திட்டம், விவசாயக் கூலிகளுக்கும் உண்டு, விபத்துக்கு உதவி உண்டு. இல்லையென்றால் பதிவு பண்ணுங்கள், பதினான்கு பேரும் சேர்ந்தே போங்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் இ-ஷ்ரம் பதிவையும் செய்துவிடுங்கள், 2021ல் தொடங்கியது, நாடு முழுக்க 30 கோடிப் பேர் பதிந்திருக்கிறார்கள். அந்த அட்டை வந்த உடனே பணம் வரும் என்று நினைக்க வேண்டாம், நீங்கள் ஒரு தொழிலாளி என்று அரசாங்கத் தாளில் முதல் தடவை எழுதப்படும், அவ்வளவுதான், ஆனால் அதுவே தேவை. கை சம்பந்தப்பட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே எதையும் தொலைக்காதீர்கள். விழுந்த தேதியையும், யார் தோட்டம், யார் வண்டி, கூட இருந்தது யார் என்பதையும் இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள். இனிமேல் ஒரு காலண்டரும் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் அம்மா வைத்த மாதிரி. தோட்டக்காரரிடம் ஆறு வாரக் கூலியில் பாதியாவது கேளுங்கள், தனியாகப் போகாமல் பதினான்கு பேராகப் போய்க் கேளுங்கள். அறுவடை நேரத்தில் பதினான்கு பேர் எவ்வளவு முக்கியம் என்று அவருக்குத் தெரியும்.

துணிக்கடையில் வேலை செய்பவர், ஊட்டி: காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பது வரை நின்றுகொண்டே இருக்கிறோம். கஸ்டமர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்கிறார் மேனேஜர். சீசனில் கால் வீங்கிவிடுகிறது.

உட்கார உங்களுக்கு உரிமை இருக்கிறது தங்கச்சி. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ல் திருத்தம் கொண்டுவந்து, எல்லாக் கடைகளிலும் ஊழியர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். கேரளாவில் 2018லேயே வந்துவிட்டது. அங்கே துணிக்கடைப் பெண்கள் வருஷக்கணக்காகப் போராடி வாங்கியது. மேனேஜரிடம் சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கேட்க மாட்டேன் என்றால் தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு ஒரு கார்டு போடுங்கள், எனக்கும் ஒன்று போடுங்கள்.

சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி அருகே ஒரு ஹட்டி (படுகர் கிராமம்): பச்சைத் தேயிலை விலையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. நான் ஒருவன்தான் வேலை செய்கிறேன், வீட்டில் மனைவி சும்மாதான் இருக்கிறாள். இப்படியே போனால் குடும்பம் எப்படி நடக்கும்?

விலைப் பிரச்சினை நியாயமானது, அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அதற்கு முன் அந்த "சும்மா"வைப் பற்றி ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அவர் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்? ஹட்டியில் பைப்பில் தண்ணீர் வரும் நேரம் யாருக்குத் தெரியும், உங்களுக்கா அவருக்கா? உங்கள் முக்கால் ஏக்கரில் களை எடுப்பது யார், நீங்கள் மெஷின் பிடித்து வெட்டும்போது எதிர்ப்பக்கம் பையைப் பிடிப்பது யார், மாட்டுக்கு யார், உங்கள் அம்மாவின் மருந்துக்கு யார்? 2024ல் இந்திய அரசே எடுத்த நேரக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளைக்கு 289 நிமிஷம் செலவழிக்கிறார்கள் என்று வந்தது. ஆண்கள் 88 நிமிஷம். உலகம் முழுக்கவே இந்த வேலையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பெண்கள் தலையில்தான் இருக்கிறது. வேலை என்பதும் சம்பள உத்தியோகம் என்பதும் ஒன்றில்லை என்று 2015ம் வருஷத்து மனித மேம்பாட்டு அறிக்கை முழுக்க இதையேதான் பேசியது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு "மகளிர் உரிமைத் தொகை" என்று பெயர் வைத்ததை நான் முக்கியமாக நினைக்கிறேன். உதவி என்று சொல்லாமல் உரிமை என்று சொன்னார்கள்.

இன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு நாள் வேலையை மணி போட்டு எழுதிப் பாருங்கள். விலை ஏறாது, ஆனால் உங்கள் தோட்டத்தில் ஒரு கிலோ இலைக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்பது அப்போதுதான் தெரியும். அவர் கூலியைச் சேர்க்காமல் போட்ட கணக்கை வைத்துக்கொண்டு விலை பேசினால் குறைவாகத்தான் கேட்பீர்கள்.

ஐ.டி.ஐ. மாணவர், கொடைக்கானல்: எங்கள் ஊரில் சுற்றுச்சூழல் சுற்றுச்சூழல் என்று சொல்லி எந்தத் தொழிற்சாலையும் வர விடுவதில்லை. அப்புறம் நாங்கள் வேலைக்கு எங்கே போவது?

தம்பி, உன் கோபம் புரிகிறது. ஆனால் உன் ஊரில் ஒரு தொழிற்சாலை இருந்தது. தெர்மாமீட்டர் செய்தார்கள், பாதரசத்தை வைத்து. 2001ல் மூடப்பட்டது. 2003ல் கிட்டத்தட்ட 290 டன் பாதரசக் கழிவை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அங்கே வேலை செய்த 591 பேருக்கு உடன்பாட்டுத் தொகை கிடைத்தது 2016ல், பதினைந்து வருஷம் கழித்து. அவர்களும் உன்னைப் போலவே ஊரை விட்டுப் போகாமல் வேலை கிடைத்தது என்று சந்தோஷப்பட்டவர்கள்தான். சுற்றுச்சூழல் முதலில் கெட்டது தொழிலாளியின் நுரையீரலுக்குள். காடு, ஏரி எல்லாம் அப்புறம்தான்.

அதனால் வேலையா மலையா என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்வியையே ஏற்றுக்கொள்ளாதே. 2020 மனித மேம்பாட்டு அறிக்கையில், ஒரு நாடு பூமியின் மேல் ஏற்றும் சுமையையும் கழித்துப் பார்த்தார்கள். முதலிடத்தில் இருந்த நார்வே பல படி கீழே வந்துவிட்டது. கோத்தகிரியில் ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது, குறும்பர், இருளர் போன்ற நம் மலை மக்களே பங்குதாரர்கள். தேன், காட்டுப்பொருள், சிறுதானியம் எல்லாம் அவர்களே சேகரித்து, பக்குவப்படுத்தி, விற்கிறார்கள். 2021ல் இயற்கையைக் காத்துக்கொண்டே பிழைக்கும் சமூகங்களுக்கு ஐ.நா. வளர்ச்சித் திட்டம் தரும் ஈக்வேட்டர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. எல்லோரும் தேன் எடுக்கப் போக முடியாது, தெரியும். நீ ஐ.டி.ஐ.யில் என்ன படிக்கிறாய் என்று எழுதவில்லை. எலக்ட்ரிகல் என்றால் சோலார், குளிர்பதனக் கிடங்கு, பூண்டு உலர்த்தும் மெஷின் என்று பூம்பாறை, மன்னவனூர் பக்கமே ஆள் தேவைப்படும் வேலை இருக்கிறது. எழுது, பேசுவோம்.

எஸ்டேட் தொழிலாளி, கீழ்கோத்தகிரி: எங்கள் எஸ்டேட்டில் பிள்ளைக் காப்பகம் பூட்டியே கிடக்கிறது. கேட்டால் "இப்போது நிரந்தரப் பெண்கள் முப்பது பேர்தான், சட்டப்படி தேவையில்லை" என்கிறார்கள். உண்மையா அக்கா?

1951ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் காப்பகத்துக்குச் சொன்ன கணக்கு, ஐம்பது பெண் தொழிலாளர்கள், அல்லது அவர்களுடைய குழந்தைகள் இருபது பேர். இரண்டில் ஒன்று இருந்தாலே போதும் என்று இருந்தது. அதில் கான்டிராக்டர் மூலம் வந்தவர்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று தெளிவாக இருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2020ல் எழுதி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் கான்டிராக்ட் ஆட்களைச் சேர்த்து ஐம்பது தொழிலாளர்கள் என்றுதான் இருக்கிறது. நிரந்தரம் என்ற சொல்லை அவர்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசியில், மேல் லைனில் ஜார்க்கண்ட் குடும்பங்கள் வந்திருக்கின்றன, அந்தப் பெண்கள் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டே பறிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களோடு பேசியிருக்கிறீர்களா? மொழி வராவிட்டாலும் குழந்தைகளைக் காட்டி விரல் விட்டு எண்ணலாம். அவர்களையும் சேர்த்துப் பெண்கள் எத்தனை, ஆறு வயதுக்குக் கீழே குழந்தைகள் எத்தனை என்று ஒரு தாளில் எழுதி, இரண்டு லைனிலிருந்தும் கைநாட்டோ கையெழுத்தோ வாங்கி எனக்கு அனுப்புங்கள். மனுவை நான் எழுதித் தருகிறேன்.